வண்டிக்கு அடியில

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தம்பி போன் பண்ணினான். "அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் வர்றியா? வண்டிக்கு ஆயில் மாத்தணும். லைட்டு புடிக்க ஆளில்ல" என்றான். அவனோடு வேலைக்குப் போகிற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். எனக்கு அன்றைக்கு மதுரையில் ஒரு கூட்டம் இருந்தது. நான் பேசவேண்டிய தலைப்பு 'தூய்மைப் பணியும் இயந்திரமயமும்'. ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கூட்டம் சாயங்காலம்தானே, போயிட்டு வந்துறலாம் என்று கிளம்பினேன்.

தம்பி ஓட்டுவது செப்டிக் டேங்க் வண்டி. பெரிய லாரி இல்லை. சரக்கு ஏற்றுகிற பிக்கப் வண்டியின் பின்பக்கப் பெட்டியைக் கழற்றிவிட்டு, சேஸிஸ் மேலே ஒரு உருண்டைத் தொட்டியை உட்கார வைத்து, காற்றை உறிஞ்சுகிற பம்பு ஒன்றையும் மாட்டியிருப்பார்கள். லாரி நுழையாத சந்துக்கெல்லாம் இது நுழையும். மஞ்சள் பெயிண்டு. பக்கவாட்டில் 'கழிவுநீர் அகற்றும் ஊர்தி' என்று நல்ல தமிழில் எழுதியிருக்கும். ஊருக்குள்ள யாரும் அதை ஊர்தி என்று சொல்வதில்லை. பீ வண்டி என்பார்கள். ஓட்டுகிறவனுக்கும் அதேதான் பேரு.

"ஏண்டா, இதுக்கு மெக்கானிக் கடைக்குப் போனா என்ன?" என்று கேட்டேன். சிரித்தான். போகாமலா இருப்பான்? பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போயிருக்கிறான். "இத இங்கன நிப்பாட்டுனா மத்த வண்டிக்காரன் வருவானாப்பா? கழுவிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் உள்ளேயே விடவில்லை. ஓனர் தோப்பு மோட்டாரைப் போட்டு தம்பியே கழுவி எடுத்துக்கொண்டு திரும்பப் போயிருக்கிறான். "என் பையன் இதுக்கு அடியில படுக்க மாட்டான். ராத்திரி எட்டு மணிக்கு மேல வா, கடை சாத்துனப்பறம் பாக்கலாம். காசு கூட ஆகும்" என்றாராம்.

நாத்தம் ஒரு காரணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தம்பி சொன்னான்: "அக்கா, அதே கடையில கோழிக்கழிவு அள்ளுற வண்டி நிக்கிது. ஈ மொய்க்குது. அதுக்கு அடியில அந்தப் பையன் படுத்துக்கெடக்கான். அந்த நாத்தம் அவனுக்கு நாறல." கடைசியில் ஒரு ஸ்பேனர் இரவல் கேட்டிருக்கிறான். அவர் அதைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் போட்டிருக்கிறார், இவன் குனிந்து எடுத்திருக்கிறான். டீக்கடையில தனி கிளாசு வச்சது போச்சுன்னு பேசிக்கிறோம். இங்கே இரும்பைக்கூட தரையில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். நமக்குத்தான் தீண்டாமை என்றால், நாம் ஓட்டுகிற வண்டிக்கும் தீண்டாமை.

அதனால் அவனே ஆயில் மாத்தப் படித்துக்கொண்டான். நான் போனபோது தோப்புக் கொட்டகையில் வண்டி நின்றது. முன் சக்கரம் ரெண்டையும் கனமான கல்பலகை மேல் ஏற்றியிருந்தான். பின் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ரெண்டு கல் அண்டக் கொடுத்திருந்தான். கியரைப் போட்டு, கை பிரேக்கையும் இழுத்து, வண்டியை நாலு தரம் தள்ளிப் பார்த்தான்.

"ஜாக்கி வச்சுத் தூக்குனா லேசா முடிஞ்சிருமேடா."

"ஜாக்கிய நம்பி மட்டும் வண்டிக்கு அடியில போயிறக்கூடாதுக்கா. ஜாக்கி எறங்கிரும். கல்லு எறங்காது."

அவன் இவ்வளவு சூதானமாக இருந்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

பத்து நிமிசம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினான். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கின அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்குமாம். சாக்கை விரித்து உள்ளே நகர்ந்தான். நானும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இன்னொரு சாக்கில் மல்லாந்து படுத்து உள்ளே போனேன். "நீ எதுக்கு உள்ள வர்ற? வெளிய இருந்தே லைட்டக் காட்டு" என்றான். வெளியே இருந்து காட்டினால் அவன் கை நிழல்தான் விழுந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஆயில் சட்டிக்குக் கீழே இருக்கிற நட்டைக் கழற்றினான். கருகருவென்று ஊற்றியது. தார் மாதிரி இருந்தது. கீழே வைத்த பழைய தகர டப்பா ரொம்பிக்கொண்டே வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "செத்துருச்சு, பிசுக்கே இல்ல" என்றான்.

"கரெக்டா மாத்துறதில்லையா?"

"கிலோமீட்டர் கணக்குல மாத்துனாப் போதும்ங்குறாரு மொதலாளி. மீட்டர்ல என்னா ஏறுது? ஒரு வீட்டுல டேங்க் இழுக்குற நேரம் பூராம் வண்டி நின்ன எடத்துல உறுமிக்கிட்டே கெடக்கணும். பம்புக்கு என்ஜின்லருந்துதான ஓட்டம் போகுது. சக்கரம் சுத்தாது, மீட்டரும் ஓடாது. ஆனா என்ஜின் தேயும்ல? மணிக்கணக்குப் பாத்து மாத்தணும்க்கா. சொன்னா, நீ என்ன பெரிய இன்ஜினியரான்னு கேக்குறாரு."

சக்கரம் சுத்தினால்தான் ஓனருக்கு அது ஓட்டம். அப்பா நினைவுதான் வந்தது. அவரும் நின்ன எடத்துல தேஞ்சவர்தான். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வேலை எவ்வளவோ செய்திருக்கிறார்.

ஆயில் வடிகிற நேரத்தில் தம்பி வண்டியின் அடியைச் சோதிக்க ஆரம்பித்தான். முன்னாலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இது கியர் பாக்ஸ். அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பெட்டி பி.டி.ஓ., பம்புக்கு ஓட்டம் கொடுப்பது. இது பின்னால் போகிற ஷாப்ட். இது குரவுன். இது ஸ்பிரிங் பட்டை. ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் தட்டினான். இறுகின நட்டு கணீரென்கும், லூசான நட்டு சொத்தென்கும். காதை வைத்தே கண்டுபிடிக்கிறான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்.

பின்பக்கம் போகப் போகத்தான் கண்ணு கூசியது. முன்னால் வெறும் கிரீசும் மண்ணும். பின்னால், வால்வு இருக்கிற இடத்துக்குக் கீழே, இரும்பு இரும்பாகவே இல்லை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்கியது. மலக்கழிவிலிருந்து வருகிற வாயு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பையே தின்றுவிடும். இரும்பையே தின்றால் நுரையீரலை என்ன செய்யும் என்று வெளிய நின்று மேடையில் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் மூஞ்சிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அதைப் பார்த்தேன். காய்ந்து ஒட்டியிருந்தது துருவா மலமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"லைட்ட இங்க காட்டு" என்றான். தொட்டியைச் சேஸிசோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் தாங்கியின் மூலையில் முடி மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து செம்பழுப்பாகத் துருத்தண்ணி வழிந்து காய்ந்திருந்தது. "விரிசல்க்கா. துரு கோடு போட்டா உள்ள பிளந்துருக்குன்னு அர்த்தம்." தொட்டியில் 1,500 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. தண்ணீர்க் கணக்கில் பார்த்தாலே ஒன்றரை டன். தொட்டி கனம், பம்பு கனம் தனி. தண்ணி சும்மாவும் இருக்காது. பிரேக் போட்டால் முன்னால் மோதும், வண்டியை எடுத்தால் பின்னால் மோதும். தொட்டிக்குள் தடுப்பு வைத்திருந்தால் அந்த மோதல் குறையும். இதில் தடுப்பு இருக்கிறதா என்று தம்பிக்கே தெரியாது. விரிசலுக்கு மேல்பக்கம் வெளியே தெரிகிற இடத்தில் வெல்டிங் வைத்து மஞ்சள் பெயிண்டு அடித்திருந்தார்கள். கீழே அடிக்கவில்லை. கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

"எப்.சி.க்குப் போனப்பக்கூட லைட்டு எரியுதா, ஹாரன் அடிக்குதா, பெயிண்டு நல்லாருக்கான்னு பாத்தாக. ஒருத்தரும் குனியல" என்றான்.

எம்.ஏ. தமிழில் யாப்பிலக்கணம் படித்தேன். குறளடி, சிந்தடி, அளவடி, நெடிலடி, கழிநெடிலடி என்று அடிகளை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். பாட்டுக்கு அடி, மரத்துக்கு அடி, பாத்திரத்துக்கு அடி எல்லாம் ஒரே சொல். அடிமை என்பதும் அதிலிருந்து பிறந்ததுதான். வண்டிக்கு அடியில் படுத்திருந்த அந்த நேரத்தில், இத்தனை அடிகளை எண்ணிய எனக்கு இந்த அடியை மட்டும் யாரும் காட்டவில்லையே என்று பட்டது. யாரும் காட்டவில்லை என்பதும் சரியில்லை. நானும் குனியவில்லை.

ஷாப்ட் ஜாயிண்டுக்குக் கிரீஸ் அடிக்கணும் என்றான். "கிரீஸ் கன்னு அந்தப் பெட்டியில இருக்கும், எடு" என்றான். பிறகு சட்டென்று, "வேணாம் நானே எடுக்குறேன்" என்றான். அதற்குள் நான் கை நீட்டிவிட்டேன். தொட்டிக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் சேஸிசில் தொங்குகிற இரும்புப் பெட்டி. கொண்டியைத் தட்டினேன். திறந்தது.

கிரீஸ் கன்னு மேலேதான் இருந்தது. அதுக்குக் கீழே ஒரு சுருள் கயிறு. கட்டைவிரல் தண்டி. அதுக்குக் கீழே ஒரு தகர வாளி. பிடி அறுத்த ஒரு குட்டை மண்வெட்டி. ஒரு அரைக்கால் டவுசர், சுருட்டி வைத்தது. பாதி காலியான தேங்காயெண்ணெய் பாட்டில்.

"இது என்னடா?"

"கயிறு."

"கயிறுன்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு?"

"வண்டி சேத்துல மாட்டுனா கட்டி இழுக்க."

"வாளி?"

பேசவில்லை.

"எண்ணெய் எதுக்குடா?"

அவன் மேலே பார்த்துக்கொண்டே சொன்னான். "உடம்புல தேச்சுக்கிட்டா ஒட்டாதுக்கா."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தோம். ஆயில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்பா துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதுக்கு முன்னால் எடுப்புக் கக்கூசில் அள்ளினவர். பிறகு பாதாளச் சாக்கடை. ஒருநாள் சாயங்காலம் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தார். அம்மா என்ன விசேசம் என்று கேட்டதுக்கு, "மெசின் வந்துருச்சு. இனிமே எவனும் உள்ள எறங்க வேணாம்" என்றார். தம்பி அப்போது தவழ்கிற பிள்ளை. அவன் வாயிலும் ஒரு துண்டு வைத்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றார். அம்மா குடம் குடமாக ஊற்றினாள். குளித்தார். திரும்பவும் குளித்தார். சாப்பிட வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "மெசினு இழுக்கல புள்ள" என்று மட்டும் சொன்னார்.

இருபத்தைந்து வருசம் கழித்து அவர் மகன் அதையே எனக்குச் சொன்னான். மெசினு இழுக்கல.

ஏன் இழுக்காது என்பதைத் தம்பிதான் விளக்கினான். பம்பு கழிவை உறிஞ்சுவதில்லை. தொட்டிக்குள் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. தொட்டி வெறுமையானதும் வெளிக்காற்று அழுத்தி, ஹோஸ் வழியாகக் கழிவைத் தள்ளிவிடுகிறது. தண்ணியாக இருந்தால் வந்துவிடும். அடியில் தங்கிக் கெட்டியானது வராது. செப்டிக் டேங்கை ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருதரம் எடுத்தால் கெட்டியாகாது. எவன் எடுக்கிறான்? பத்து வருசம் பதினைந்து வருசம் விட்டுவிட்டு, பொங்கி வாசலுக்கு வந்ததும் போன் பண்ணுகிறான். அடியில் களிமண் மாதிரி உறைந்து கிடக்கும். துணி, நாப்கின், மணல், சிமெண்டுக் கட்டி எல்லாம் கிடக்கும். தண்ணியை வேகமாகப் பீச்சிக் கரைக்கிற மெசினும் கூட வந்தால் மேலே நின்றே கரைத்து இழுத்துவிடலாம். அது இந்தச் சின்ன வண்டியில் இல்லை. அதுக்குத் தனிச் செலவு. மனுசன் இறங்கினால் ஐநூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும்தான் செலவு.

"எத்தன வாட்டி எறங்குன?"

"மூணு வாட்டி."

ஒருதரம் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒருதரம் மாடி வீடுகள் இருக்கிற ஒரு வரிசையில். இன்னொரு தரம் ஒரு பாட்டி தனியாக இருக்கிற வீட்டில். அந்தப் பாட்டி நல்ல பாட்டியாம். வெளியே வந்ததும் குடிக்கத் தண்ணி கொடுத்ததாம், பாட்டிலில். "பாட்டில நீயே வச்சுக்கப்பா" என்றதாம்.

இறங்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் விடுவார்களாம். தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பார்களாம். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. உள்ளே மீத்தேன் இருந்தால் அந்தத் தீக்குச்சியே ஆளைக் கொளுத்திவிடும். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதைத் தீக்குச்சி காட்டாது. அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாத்தம் போயிருச்சு, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். ஒரு குழியில் ரெண்டு பேர், மூணு பேர் என்று நாம் செய்தி படிப்பது இதனால்தான். இதை எல்லாம் துண்டறிக்கையில் போட்டு ஊர் ஊராகக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்குள்ளேயே அந்தத் துண்டறிக்கை வந்து சேரவில்லை.

"ஜாக்கிய நம்பக்கூடாதுன்னு சொன்னியேடா. கயித்த எப்பிடி நம்புன?"

"கயித்த யாருக்கா நம்புனா? மேல நின்னு புடிக்கிறவன நம்புனேன்."

மேலே நின்று பிடித்த பையன்தான் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தவன். பத்தொன்பது வயசு. நம்ம தெருதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது எடுப்புக் கக்கூசைத் தடுத்தது. சாக்கடைக் குழியையும் செப்டிக் டேங்கையும் பேசவில்லை. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் அபாயகரமான சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் தடவைக்கு 2 வருசம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993இலிருந்து குழிக்குள் செத்தவர்கள் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சம் ஆக்கியது.

இவை எல்லாம் சும்மா கிடைக்கவில்லை. போராடி, வழக்காடி, செத்தவர்கள் பட்டியலை வீடு வீடாக எழுதி எடுத்து வாங்கியவை. 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தைத் தெருத்தெருவாகத் திரையிட்டபோது நானும் கூட்டம் சேர்த்தவள்தான். ஆனால் அந்த 2013 சட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுக்காமல், முன்னெச்சரிக்கை செய்யாமல் கையால் சுத்தம் செய்ய வைத்தால்தான் அது அபாயகரமான சுத்தம். கருவி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் தப்பிக்க வழி உண்டு. அந்தப் பெட்டியில் கிடந்த கயிறும் எண்ணெயும்தான் ஓனர் கணக்கில் பாதுகாப்புக் கருவி.

நாமும் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறோம், தோழர்களே. எத்தனை மனு எழுதினோம். எல்லா மனுவிலும் முதல் கோரிக்கை, மெசின் கொடு. மெசினும் வந்தது. கொடியசைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், நாமும் கை தட்டினோம். மெசின் யார் கையில் இருக்கும், யார் அதை ஓட்டுவார்கள், யார் கழுவுவார்கள், இழுக்காதபோது யார் இறங்குவார்கள் என்று நாம் எழுதவில்லை. மெசின் சாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தோம். அது சாதியை ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுத் தனக்கு அடியில் தொங்கவிட்டுக்கொண்டது. எங்க அப்பா வாளி, எங்க தம்பி வண்டிக்குள்.

நான் கயிறையும் வாளியையும் மண்வெட்டியையும் வெளியே இழுத்துப் போட்டேன். எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். தம்பி தடுக்கவில்லை. கயிறை மட்டும் கையால் பிடித்துக்கொண்டான்.

"கயித்த விட்டுருக்கா."

"ஏண்டா?"

"கயிறு இல்லேன்னா எறங்க வேணாம்னா சொல்லப்போறாக? கயிறு இல்லாம எறங்கும்பாக. அது உள்ள எறக்குற கயிறு இல்லக்கா. வெளிய தூக்குற கயிறு."

என்னிடம் பதில் இல்லை. கயிறைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். இயக்கத்தில் பத்து வருசமாக இருக்கிறேன். ஒரு கயிறை எடுத்துப் போடக்கூட வழி இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

அதுக்கப்புறம் வேலையை முடித்தோம். புது வாசர் போட்டு நட்டை இறுக்கினான். பழைய பில்டரைக் கழற்றி, புதுசின் ரப்பர் விளிம்பில் ஆயிலைத் தடவி மாட்டினான். மேலே ஏறி ஆறு லிட்டர் புது ஆயிலை ஊற்றினான். தேன் நிறத்தில் இறங்கியது. வண்டியை ஓடவிட்டு, அடியில் ஒழுகுகிறதா என்று திரும்பவும் படுத்துப் பார்த்தான். ஒழுகவில்லை. விரிசலைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். பெட்டியையும் எடுத்தேன். "பேர் போட்டுறாதக்கா. வண்டி போயிரும்" என்றான். அதனால்தான் இங்கே யார் பேரும் இல்லை, ஊர் பேரும் இல்லை.

சாயங்காலம் கூட்டத்துக்குப் போனேன். குளித்துத்தான் போனேன், நகக்கண்ணில் மட்டும் கருப்பு போகவில்லை. ஏழு பக்கத்தையும் படிக்கவில்லை. காலையில் பார்த்ததைச் சொன்னேன். கோரிக்கைப் பட்டியலில் சிலதைச் சேர்க்கச் சொன்னேன். இழுக்கிற வண்டியோடு கரைக்கிற மெசினும் கட்டாயம். கெட்டியான டேங்க் என்றால் ஓட்டுகிறவன் திரும்பிப் போகலாம், அதுக்காக அவன் கூலியைப் பிடிக்கக்கூடாது. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருதரம் டேங்க் எடுக்காத வீட்டுக்காரனுக்கு அபராதம். இறக்கிவிட்டால் ஓனரோடு வீட்டுக்காரன் மேலும் வழக்கு. வண்டி ஓடுகிற மணி நேரத்தைக் கணக்கில் எழுதணும். உரிமம் கொடுக்கிறவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். கடைசிக் கோரிக்கைக்குச் சிலர் சிரித்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர் அம்மாக்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் ரெண்டு தோழர்களோடு ஓனரைப் பார்த்தேன். வண்டிகளைப் பற்றிப் பொதுவாகத்தான் பேசினோம், தம்பி பேச்சையே எடுக்கவில்லை. "நான் யாரையும் எறங்கச் சொன்னதில்லம்மா. அவனுகளா எறங்குறானுக. அவனுகளுக்குப் பழக்கம்" என்றார். பழக்கம் என்ற அந்தச் சொல்லை அவர் கூசாமல் சொன்னார். விரிசலை மட்டும் பத்து நாளில் சரி பண்ணிவிட்டார். தொட்டி கீழே விழுந்தால் அவருக்கு நட்டம்.

வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அப்பா திண்ணையில் இருந்தார். வாளியைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், விளிம்பைத் தடவிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்தார். வாளியைக் கவிழ்த்து வைத்து அடியில் நாலு ஓட்டை போட்டார். இருமிக்கொண்டே போட்டார். "இதுல இனி எதையும் அள்ள முடியாது" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக வைத்தார்.

அடுத்த வாரம் தம்பி சொன்னான், பெட்டியில் புது வாளி வந்துவிட்டதாம். பிளாஸ்டிக். இனிமே நான் எறங்க மாட்டேன் என்று இவன் சொல்லிவிட்டானாம். "அப்ப வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறார். அந்த வேற ஆளும் நம்ம தெருவிலிருந்துதான் போவான். அதனால் தெருவில் இருக்கிற பையன்களை எல்லாம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒன்றாக உட்காரவைத்துப் பேச ஆரம்பித்திருக்கிறோம். எவன் கூப்பிட்டாலும் எவனும் இறங்குவதில்லை என்று பேசுகிறோம். இதுவரை பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். கயிறு பிடித்த அந்தப் பையனும் வருகிறான்.